நிலத்தாழ்வும் அதனை அளக்கும் முறையும்

செனாயில் வாழும் நமக்குக் காலடி நிலத்தைப் பற்றிய ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் வடக்கே, சிலாங்கூரில், நிலத்தைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. அதுவே பத்து ஆராங். மலாய் மொழியில் 'பத்து' என்பது கல். 'ஆராங்' என்பது கரி. ஊரின் பெயரே அதன் வரலாற்றைக் கூறிவிடுகிறது. 1915 முதல் 1960 வரை 'மலாயன் கோலியரிஸ்' நிறுவனம் அங்கே நிலக்கரி எடுத்தது. மலாயாவின் இரயில்களும் ஈயச் சுரங்கங்களும் அக்கரியை நம்பியிருந்தன. சீனரோடு இந்தியரும் அங்கே உழைத்தனர். திறந்த குழிகளில் மட்டுமன்றி, நிலத்தின் அடியிலும் கரி வெட்டப்பட்டது. சுரங்கத்தை மூடிவிட்டால் மேலுள்ள நிலமும் அமைதி அடைந்துவிடுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

முதலில் ஒரு சொல் விளக்கம். மலைச்சரிவில் மண் பெயர்ந்து கீழ்நோக்கி வழிவது நிலச்சரிவு. அடியிலுள்ள தாங்கல் நீங்கியதால் நிலம் இருந்த இடத்திலேயே கீழிறங்குவது நிலத்தாழ்வு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. காரணம் வேறு, காக்கும் வழியும் வேறு.

நிலத்தடியில் கரி எடுக்கும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, கரிப்படலத்தை முழுவதும் எடுத்து, பின்னால் கூரையை விழவிடுவது. இம்முறையில் மேல்நிலம் விரைவிலேயே ஆழமற்ற தட்டைப் போலக் குழியும். படலத்தின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு வரை தாழ்வு ஏற்படக்கூடும். 2 மீட்டர் படலம் எடுத்தால் 1.8 மீட்டர் வரை இறங்கலாம். தாழ்வு வெட்டிய எல்லையோடு நிற்பதுமில்லை. பிரிட்டிஷ் சுரங்க அனுபவப்படி, 100 மீட்டர் ஆழத்தில் வெட்டினால் எல்லைக்கு வெளியே ஏறத்தாழ 70 மீட்டர் வரை அதன் சாயல் தெரியும்.

மற்றொன்று, கரியிலேயே தூண்களை விட்டு இடையில் வெட்டுவது. தூண்கள் நிற்கும் வரை நிலமும் நிற்கும். ஆனால் நீர், காற்று, நெருப்பு ஆகியவற்றால் தூண்கள் நலிகின்றன. பல ஆண்டுகள் கழித்து, எவரும் எதிர்பாராத நாளில், மேல்நிலம் திடீரெனக் குழியாக விழக்கூடும். இந்தியாவின் ராணிகஞ்ச், ஜரியா கரிவயல்கள் இத்துன்பத்தை நெடுங்காலமாக அறிந்தவை. ஜரியாவில் 1916-இல் காணப்பட்ட நிலத்தடி நெருப்பு ஒரு நூற்றாண்டு கடந்தும் முற்றிலும் அணையவில்லை. ஆகவே, முதல் முறையின் தாழ்வு பெரிதாயினும் கணிக்கத்தக்கது. இரண்டாம் முறையின் தாழ்வோ காலம் கூறாமல் வருவது.

இதனை அளப்பது எங்ஙனம்? வெட்டும் பகுதிக்கு மேலே, நீளவாக்கிலும் குறுக்காகவும் வரிசையாக முளைகள் நடப்படும். ஆழத்தில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய விதி. 100 மீட்டர் ஆழமாயின் 5 மீட்டருக்கு ஒரு முளை. மட்டக் கருவியால் அவற்றின் உயரம் வெட்டுவதற்கு முன்னரே குறிக்கப்பட வேண்டும். பின்னர்க் காலந்தோறும் ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் நிலைப்புள்ளி தாழ்வு எல்லைக்கு வெளியே இருத்தல் இன்றியமையாதது. அளவுகோலே இறங்கினால் இறக்கத்தை எவ்வாறு அறிவது?

எவ்வளவு தாழ்ந்தது என்பது மட்டும் போதாது. இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபாடு என்பதே முக்கியம். வீடு முழுவதும் சமமாக இறங்கினால் சுவர் பிளப்பதில்லை. ஒரு பாதி இறங்கி மறுபாதி நின்றால் பிளக்கும். ஆகவே தட்டின் நடுவைவிட அதன் விளிம்பே வீடுகளுக்குப் பெரும் இடர். விரிசலின் குறுக்கே ஒட்டிய மெல்லிய கண்ணாடித் துண்டு உடைந்தால், சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள்.

இன்று செயற்கைக்கோள்களும் இப்பணியைச் செய்கின்றன. ஒரே இடத்தை இருமுறை ரேடார் அலையால் நோக்கி, அலைகளின் வேறுபாட்டைக் கொண்டு சில மில்லிமீட்டர் அசைவையும் கணிக்கலாம். ஆயினும் நம் நாட்டில் ஒரு தடை உண்டு. காடும் செம்பனையும் 5.6 செண்டிமீட்டர் அலையைக் குழப்பிவிடும். 24 செண்டிமீட்டர் அலை இலைகளினூடே ஓரளவு நிலத்தை எட்டும். இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார், இத்தகைய நீண்ட அலையைப் பயன்படுத்துவது.

எனினும், திடீரென விழும் குழி முன்னறிவிப்பின்றியும் விழலாம். அங்கே கோளைவிடப் பெரிய துணை பழைய சுரங்க வரைபடமே. கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென்று பிரிட்டனில் 1872-இலேயே சட்டம் செய்தனர். எடுத்த கரி எரிந்து தீர்ந்துவிடும். எங்கே எடுத்தோம் என்னும் குறிப்போ தீரக்கூடாது. அந்நிலத்தின் மீது வீடு கட்டும் பேரனுக்குப் பாட்டன் வைத்துச் செல்ல வேண்டிய உண்மையான சொத்து அதுவேயாகும்.