ஒரு முனையும் இரு இயக்கிகளும்

கணினியின் மென்பொருளுக்கும் மின்சுற்றுக்கும் இடையேயுள்ள தொடர்புகளுள் மிக எளியது கட்டுப்பாட்டு முனையாகும். சில்லிலிருந்து வெளியே நீளும் இவ்வுலோக முனையில், மென்பொருளின் கட்டளைக்கேற்ப, உயர்ந்த வோல்ற்றளவோ தாழ்ந்த வோல்ற்றளவோ தோன்றும். இவ்விரு நிலைகளைக் கொண்டே மின்குமிழை ஏற்றலாம். ஒரு சாதனத்துக்குரிய மின்வழங்கலைத் திறக்கலாம். செயலிழந்து நிற்கும் சாதனத்தைத் தொடக்கநிலைக்கு மீட்கலாம். ஜிபிஐஓ என வழங்கப்பெறுவது இம்முனையே. இத்துணை எளிய முனையை இருவர் ஒருங்கே ஆள முற்படும்போது எழும் சிக்கல் எளியதன்று.

ஆள்பவர் என ஈண்டுக் குறிக்கப்படுவன இயக்கிகள். ஒரு சாதனத்தை நடத்துதற்கென எழுதப்பட்ட மென்பொருட் பகுதியே இயக்கி. இயக்கிகள் தமக்கு வேண்டிய முனைகளை, இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலிடம் விண்ணப்பித்தே பெறுகின்றன. லினக்ஸ் கெர்னலில் இப்பணிக்குரிய பகுதி ஜிபிஐஓலிப் என்பது. டேவிட் பிரவுனெல் ஆக்கிய இது, 2008 இல் வெளிவந்த 2.6.25 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. ஒரு முனைக்கு ஓர் உரிமையாளரே என்பது அதன் அடிப்படை விதி. முன்னரே கொடுக்கப்பட்ட முனையைப் பிறிதோர் இயக்கி கேட்பின், முனை பயன்பாட்டில் உள்ளது என்னும் மறுப்பே விடையாகக் கிடைக்கும். எனினும் அக்காலத்தில் முனைகள் வெறும் எண்களாற் சுட்டப்பட்டமையால், எண்ணை அறிந்த எவ்வியக்கியும் விதியை மீறி முனையைத் தீண்டுதல் கூடும். 2014 இல் வெளிவந்த 3.13 ஆம் பதிப்பு எண்ணுக்குப் பதிலாக, உரிமை பெற்றவரிடம் மட்டும் ஒப்படைக்கப்படும் ஓர் அடையாளத்தைப் புகுத்தியது. இதனால் உரிமை மேலும் உறுதி பெற்றது.

மென்பொருளாளர் இவ்வாறு விதி வகுத்தனராயினும், மின்சுற்றை அமைப்போர் அவ்விதிக்குக் கட்டுப்பட்டவரல்லர். சில்லிலுள்ள முனைகள் அளவுக்குட்பட்டவை. இரு சாதனங்கள் ஒருங்கே விழித்து ஒருங்கே உறங்கினாற் போதுமெனக் கருதும் பொறியியலாளர், ஒரே முனையிலிருந்து இரண்டுக்கும் கம்பியை இழுத்துவிடுவர். சுற்றின் நோக்கில் இது சிக்கனம். ஆயின் அவ்விரு சாதனங்களுக்கும் இரு இயக்கிகள் உள. ஒன்று மற்றதை அறியாது. முனை தனக்கே உரியதென இரண்டும் எண்ணும்.

இதன் விளைவை ஒரு மெய்யான அமைப்பைக் கொண்டு விளக்கலாம். குவால்கொம் சில்லுகளைக் கொண்ட சில பலகைகளில், டபிள்யூஎஸ்ஏ 884 வரிசையைச் சேர்ந்த ஒலிபெருக்கிச் சில்லுகள் இரண்டு ஒரே அணைப்பு முனையைப் பகிர்கின்றன. முதலாவது சில்லுக்குரிய இயக்கி முனையை உயர்த்திச் சில்லை எழுப்பி, அதற்கு வேண்டிய அமைப்புகளை எழுதி முடிக்கின்றது எனக் கொள்க. பின்னர் வரும் இரண்டாவது இயக்கி, தன் சில்லைத் தூய நிலையிலிருந்து தொடங்க விரும்பி, முனையைத் தாழ்த்தி உயர்த்துமாயின், முதலாவது சில்லும் உடனணைந்து தன் அமைப்புகளை இழந்துவிடும். அதன் இயக்கியோ யாதும் அறியாது. பிழைச்செய்தி எதுவுமின்றி ஒரு பக்கத்து ஒலி மட்டும் ஒழியும். காரணம் ஓரிடத்தும் விளைவு பிறிதோரிடத்தும் இருத்தலால், இத்தகைய பிழையைக் கண்டறிதல் அரிது.

மின்வழங்கலைப் பொறுத்தவரை இதற்குரிய மருந்து எண்ணிக்கையாகும். பொது மண்டபத்து விளக்கை முதலில் வருபவர் ஏற்றுகின்றார். இறுதியிற் செல்பவரே அணைத்தல் முறை. இடையிற் செல்பவர் அணைப்பின் எஞ்சியோர் இருளில் இருப்பர். மின்வழங்கிகளை நிருவகிக்கும் கெர்னற் பகுதி 2013 இல் இம்முறையை முனைகளுக்கும் கைக்கொண்டது. இயக்கக் கோருவோரின் தொகை பூச்சியத்திலிருந்து ஒன்றாகும்போது முனை இயங்கும். மீண்டும் பூச்சியமாகும்போதே அணையும். 2018 இல், ஒரு முனையைப் பலர் பெறுதற்கு இசைவளிக்கும் குறியொன்று ஜிபிஐஓ பகுதியிற் சேர்க்கப்பட்டது. ஆனால் இக்குறி பூட்டைத் திறந்ததேயன்றி எண்ணுபவரை அமர்த்தவில்லை. எண்ணிக்கையின்றி இசைவு மட்டும் அளித்தல் பகிர்வாகாது. அது பூசலுக்கு இடங்கொடுத்தலே ஆகும்.

தொடக்கநிலைக்கு மீட்கும் முனையில் எண்ணிக்கையும் முழுமையாக உதவாது. மின்வழங்கலை வேண்டுவோர் ஒரு நிலையை வேண்டுகின்றனர். மீட்டலை வேண்டுவோரோ ஒரு நிகழ்ச்சியை வேண்டுகின்றனர். ஒருவர்க்கு ஒளி இருக்கும்வரை மற்றவர்க்கும் ஒளி உண்டு. ஆனால் ஒருவர் பணியாற்றிக்கொண்டிருக்கையில் மற்றவர் மீட்டலை நிகழ்த்துதல் இயலாது. 2016 இல் கெர்னலின் மீட்டற் பகுதி பகிர்வுக்கு இடமளித்தபோது இவ்வுண்மை விதியாகவே எழுதப்பட்டது. பகிரப்பட்ட மீட்டலைத் தாழ்த்துமாறு ஓர் இயக்கி கேட்கலாம். பிறர் எவரும் சாதனத்தைப் பயன்படுத்தாதபோதே அது நிறைவேறும். எனவே, கேட்டவுடன் தன் சாதனம் மீண்டுவிட்டதென எவ்வியக்கியும் நம்புதல் ஆகாது. அவ்வுறுதி இன்றியமையாதாயின், முனையைத் தனியுரிமையாகவே பெறுதல் வேண்டும்.

2024 இல் 6.9 ஆம் பதிப்பு, சாதாரண ஜிபிஐஓ முனைகளையும் இப்பகிர்வு முறைக்குள் கொணர்ந்தது. மேற்கூறிய ஒலிபெருக்கிகளே இதற்குத் தூண்டுகோலாயின. 2025 இல் ஜிபிஐஓ பகுதியின் பராமரிப்பாளர் பார்த்தோஷ் கோலஷெவ்ஸ்கி மேலுமொரு படி சென்றார். சாதன மரம் எனப்படும் பலகை விவரத்தில் ஒரே முனை பல சாதனங்களின் கீழ் குறிக்கப்பட்டிருப்பின், கெர்னல் தானே அதனைக் கண்டு, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பதிலாளை அமர்த்தும் ஏற்பாடு இது. இயக்கி தன் பதிலாளிடம் கேட்கும். பதிலாட்களின் வேண்டுதல்களைத் தொகுத்து முனையின் நிலை தீர்மானிக்கப்படும். இயக்கியை எழுதுவோர் பகிர்வைப் பற்றி அறியவேண்டியதில்லை.

இவ்வளர்ச்சியினின்று பெறப்படுவது யாது? முனை பகிரப்படுகின்றது என்பது பலகையைப் பற்றிய உண்மையேயன்றிச் சாதனத்தைப் பற்றிய உண்மையன்று. ஆதலின் பலகை முழுவதையும் காணவல்ல நடுவரே அதனைத் தீர்த்தல் தகும். ஆயினும் நடுவர் எத்துணைத் திறமையுடையராயினும், ஒரு கம்பியை இரு கம்பிகளாக்க வல்லரல்லர். பகிரும் ஒவ்வோர் இயக்கியும், நினைத்தபொழுது சாதனத்தை மீட்கும் ஆற்றலை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். ஒரு முனையைச் சேமிக்கும் சுற்றமைப்பாளர், அச்சேமிப்பின் விலை இதுவென்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.