சேணம் பூட்டுவதற்கு முன்



பயணம் புறப்படும் சீடர்களுக்கு ஆண்டவர் இட்ட கட்டளையை நற்செய்தியில் நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். பை வேண்டாம், உணவு வேண்டாம், பணம் வேண்டாம், மாற்றுடையும் வேண்டாம் என்பது அவரது பணிப்பு. ஆலயத்தில் அதனைப் பயபக்தியோடு கேட்டுவிட்டு வீடு திரும்பி, மடுத் திருவிழாவுக்குப் போக நாள் குறித்தவுடன் நாம் கட்டுகின்ற மூட்டைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். பாய், போர்வை, அரிசி, பருப்பு, பானை, விளக்கு என்று அது நீண்டுகொண்டே போகும். குறை சொல்வதற்காக இதனை நான் எழுதவில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் வெறுங்கையோடு போக முடியாது. அப்படியாயின் ஆண்டவரின் கட்டளையை என்ன செய்வது? முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், குதிரை முதுகிலேயே தமது வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு குருவானவரின் பயண ஆயத்தங்களை இக்கேள்வியோடு இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

எவுசேபியோ கீனோ என்பது அவரது பெயர். இன்றைய வட இத்தாலியில், திரெந்து நகருக்கு அண்மையிலுள்ள ஒரு மலைக் கிராமத்தில் 1645ஆம் ஆண்டு பிறந்தவர். 18ஆவது வயதில் கடும் நோயுற்றபோது புனித சவேரியாரின் பரிந்துரையை மன்றாடினார். சுகம் பெற்றால் இயேசு சபையில் சேர்ந்து மறைபரப்புப் பணிக்குச் செல்வதாக வாக்களித்தார். சுகம் கிடைத்தது. நன்றிக்கடனாகப் பிரான்சிஸ்கோ என்ற பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். சவேரியார் கரையைக் கண்டும் உள்ளே செல்ல இயலாமல் மரித்த சீன தேசத்துக்குத் தாம் சென்றுவிட வேண்டும் என்பதே அவரது தணியாத ஆவல். அதற்காகவே கணிதமும் வானியலும் கற்றார்.

1678இல் அழைப்பு வந்தது. ஆனால் இரண்டு குருக்களில் ஒருவர் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் மற்றவர் மெக்சிக்கோவுக்கும் செல்லவேண்டும் என்றே அதில் இருந்தது. இருவருக்குமே கீழைத்தேயத்தின் மீதுதான் விருப்பம். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க முயன்று முடியாமல், இறுதியில் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். கீனோவுக்கு விழுந்தது மெக்சிக்கோ. அதன் பின்னரும் ஸ்பெயின் தேசத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தே காலம் கழிந்தது. 1681இல்தான் அவர் மெக்சிக்கோக் கரையில் இறங்கினார். தாம் ஆயத்தம் செய்த பயணத்தைக் கைவிட்டு, ஆயத்தம் செய்யாத பயணத்துக்கு ஒப்புக்கொடுப்பதே அவருடைய முதல் ஆயத்தமாயிற்று.

மெக்சிக்கோவின் வடமேற்கு எல்லைக்கு, பீமா எனப்படும் பழங்குடி மக்களிடையே பணியாற்ற அவர் அனுப்பப்பட்டது 1686இல். இம்மக்கள் தம்மைத் தம் மொழியில் ஓதாம் என்று அழைத்துக்கொள்கின்றனர். இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒரு காரியம் உண்டு. தலைநகரை விட்டுப் புறப்பட்டவர் நேரே வடக்கு நோக்கிப் போகவில்லை. வழியில் குவாதலகாரா நகரிலிருந்த அரச நீதிமன்றத்துக்குச் சென்று ஒரு விண்ணப்பம் கொடுத்தார். ஸ்பானியரின் வெள்ளிச் சுரங்கங்களில் பழங்குடி மக்கள் கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட காலம் அது. திருமுழுக்குப் பெற்றவுடன் சுரங்கத்துக்கு இழுத்துச் செல்லப்படுவார்களானால் எவர்தான் திருமுழுக்குப் பெற முன்வருவார்? புதிதாக மனந்திரும்புவோரை ஐந்து ஆண்டுகளுக்காவது அவ்வேலையிலிருந்து விலக்கவேண்டும் என்று அவர் கேட்டார். அரசரோ 20 ஆண்டுகளுக்கே விலக்களித்து ஆணை பிறப்பித்திருந்தார். அந்தப் பத்திரம் கைக்கு வந்த பின்னரே கீனோ வடக்கே போனார். தாம் இன்னும் முகம் பார்த்திராத மக்களுக்காக அவர் தம் பொதியில் முதலில் வைத்தது அதுதான்.

1687 மார்ச் 13ஆம் நாள் அவர் அங்கு சென்றடைந்து, வியாகுல மாதாவின் பெயரால் தொலோரஸ் என்ற பணித்தளத்தைத் தொடங்கினார். அதே 1687ஆம் ஆண்டிலேதான் புனித யோசேவ் வாஸ் அடிகளார் ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்பி, ஏழைக் கூலியாளின் கோலத்தில் எங்கள் யாழ்ப்பாண மண்ணில் கால்வைத்தார் என்பதை எண்ணும்போது மனம் சிலிர்க்கின்றது. அவர் வெறுங்காலோடு நடந்தார். இவருக்குக் குதிரை தேவைப்பட்டது. தண்ணீருக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு நாள் வழி கொண்ட பாலைநிலம் அது.

நெடுந்தூரக் குதிரைப் பயணம் என்பது சேணத்தைப் போட்டு ஏறிவிடுகின்ற காரியமல்ல. ஒருவருக்கு ஒரு குதிரை போதாது. களைத்ததை மாற்றி ஏறுவதற்கு வேறு குதிரைகளையும் கூடவே ஓட்டிச் செல்லவேண்டும். சுமைகளைக் கோவேறு கழுதைகள் தாங்கும். இருபக்கச் சுமையும் ஒரே எடையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் சேணம் சரிந்து விலங்கின் முதுகு புண்ணாகும், புண்ணான விலங்கு பல நாட்களுக்கு உதவாது. சேணத்தின் கீழ் விரிக்கும் துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் போதும், மாலைக்குள் தோல் உரிந்துவிடும். குளம்புகளைத் தூக்கிக் கல் சிக்கியுள்ளதா என்று தினமும் பார்க்கவேண்டும். எந்த நீர்நிலையில் இரவு தங்குவது என்பதை முன்னரே அறிந்திருக்கவேண்டும். மனிதன் தாகத்தை அடக்கிக்கொண்டு இன்னும் சிறிது தூரம் போகலாம் என்று எண்ணுவான். குதிரையிடம் அந்தப் பேச்சு எடுபடாது. (நம்மைச் சுமப்பவர்களின் முதுகை நாம் எப்போதாவது தடவிப் பார்க்கின்றோமா என்று குடும்பத் தலைவர்களைக் கேட்கத் தோன்றுகிறது.)

1695ஆம் ஆண்டு வந்தது. ஒரு பணித்தளத்தில் மேற்பார்வையாளன் ஒருவனின் கொடுமை தாங்காமல் பீமா மக்களிற் சிலர் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கோபம் குற்றமற்ற ஒருவர் மீதும் பாய்ந்தது. கபோர்க்கா என்னுமிடத்தில் சில மாதங்களுக்கு முன்னரே பணியேற்றிருந்த இளங்குரு பிரான்சிஸ்கோ சவேரியோ சாயேத்தா, ஏப்ரல் 2ஆம் நாள், பெரிய சனிக்கிழமையன்று அம்புகளால் எய்து கொல்லப்பட்டார். ஸ்பானிய மொழியில் சாயேத்தா என்றால் அம்பு என்றே பொருள்.

அதன்பின் நடந்ததை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கின்றது. யூன் மாதத்தில், குற்றவாளிகளை ஒப்படைக்கவென்று ஆயுதங்களை விட்டுவிட்டுச் சமாதானமாகக் கூடியிருந்த மக்களைப் படையினர் சுற்றிவளைத்தனர். ஏறக்குறைய ஐம்பது பேர் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் எக்குற்றமும் அறியாதவர்கள். அடுத்து நிகழ்ந்தது சொல்லாமலே விளங்கும். ஆலயங்கள் எரிந்தன, கிராமங்கள் வெறுமையாயின. ஓகஸ்ட் இறுதியில்தான், கொலை நடந்த அதே இடத்தில் சமாதானம் செய்யப்பட்டது. ஆயினும் பீமா மக்கள் நம்பத்தகாதவர்கள், அங்கே பணியை மூடிவிடுவதே நன்று என்ற பேச்சு தலைநகர்வரை போய்விட்டிருந்தது. சிலர் செய்ததற்காக ஓர் இனம் முழுவதுமே குற்றவாளியாக்கப்படுவது எப்படிப்பட்டது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

கீனோவுக்கு அப்போது வயது 50. சாயேத்தா அவருக்கு உடன்பிறவாத் தம்பியைப் போன்றவர். அவரது வாழ்வையும் மரணத்தையும் பற்றி அந்த ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். அந்நூலில் அவர் பழிவாங்கக் கேட்கவில்லை. அம்மக்களுக்கு இன்னும் குருக்கள் வேண்டும் என்றே கேட்டார். கடிதம் அனுப்பினால் போதாது என்று கண்டு, தாமே தலைநகருக்குப் போய்ப் பேசத் தீர்மானித்து அனுமதி பெற்றார். தூரம் ஏறத்தாழ 1,500 மைல்.

அந்தப் பயணத்துக்கு அவர் செய்த ஆயத்தத்தில் எனது மனத்தை மிகவும் தொட்டது ஒன்றுண்டு. பீமா தலைவர் ஒருவரின் மகனைத் தம்மோடு அழைத்துச் சென்றார். ஆளுநரும் மாகாணத் தலைவரும் ஏடுகளில் மட்டும் படித்து அஞ்சிய அந்த இனத்தை முகத்துக்கு முகம் காணட்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்திருக்கவேண்டும். தம் மகனை, படுகொலை நடந்து ஐந்து மாதங்களே ஆன நிலையில், கொலைசெய்த படையினரின் தலைநகருக்கு அனுப்ப அந்தத் தந்தை இசைந்ததை என்னவென்று சொல்வது! கீனோவை அவர் எவ்வளவு நம்பியிருப்பார்!

நவம்பர் 16ஆம் நாள் புறப்பட்டார்கள். 53 நாட்கள் சென்றன. நாளொன்றுக்குச் சராசரியாக 28 மைல். வழிநெடுகத் தினமும் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடிந்தது என்று அவரே நன்றியோடு எழுதிவைத்துள்ளார். இது இலேசான காரியமல்ல. அக்கால ஒழுங்கின்படி நள்ளிரவிலிருந்து தண்ணீரும் அருந்தாமல் நோன்பிருந்தே திருப்பலி நிறைவேற்றவேண்டும். ஆகவே விடியுமுன் எழுந்து, பொதியை அவிழ்த்து, திருப்பீடக் கல்லை வைத்து, திருவுடை அணிந்து பலி ஒப்புக்கொடுத்து, மீண்டும் எல்லாவற்றையும் கட்டிய பின்னரே அன்றைய வழி தொடங்கும். கிறிஸ்து பிறப்பு விழாவின் மூன்று திருப்பலிகளையும் அவர் குவாதலகாராவில், லொரேத்தோ மாதாவின் புதிய சிற்றாலயத்தில் நிறைவேற்றினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சுரங்க விலக்குப் பத்திரம் வாங்கிய அதே நகரம். 1696 ஜனவரி 8ஆம் நாள் தலைநகரை அடைந்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டார்கள். பையனைக் கண்டு மகிழ்ந்தார்கள். பணியை மூடும் பேச்சு அடங்கியது. வாக்களிக்கப்பட்ட குருக்கள் அனைவரும் வந்து சேரவில்லை என்பது வேறு கதை. மறுமாதமே அவர் திரும்பவும் சேணம் பூட்டி வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

எல்லாப் பயணத்துக்கும் இத்தனை ஆயத்தம் செய்ய அவகாசம் கிடைப்பதில்லை. 1700ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் பாக் என்ற கிராமத்தில் சவேரியாரின் பெயரால் ஆலயத்துக்கு அத்திவாரம் இட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவருக்கு, வழியில் அவசரக் கடிதம் ஒன்று கிடைத்தது. தொலைவிலுள்ள சான் இக்னாசியோவில் ஏழைக் கைதியொருவனைப் படையினர் கொல்லப்போகின்றனர். கீனோ திருப்பலியை முடித்துக்கொண்டு குதிரை ஏறினார். பகல் முழுவதும் ஓட்டி, நள்ளிரவில் இமுரிஸ் கிராமத்தில் சற்றுக் கண்ணயர்ந்து, 60 மைல்களுக்கு மேற்பட்ட வழியைக் கடந்து மறுநாள் காலையில் போய்ச்சேர்ந்தார். கைதி உயிர் தப்பினான். அன்று அவர் எதையும் கட்டிக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. வரைபடங்களாலும், கலிபோர்னியா ஒரு தீவல்ல என்று நிறுவியதாலும் உலகம் அவரை நினைவுகூர்கின்றது; அந்தக் கைதியின் வீட்டார் அவரை இதற்காகவே நினைத்திருப்பர்.

யோசேவ் வாஸ் அடிகளாரை 2015இல் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்திய, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களே 2020 யூலையில் கீனோவையும் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

1711 மார்ச்சில், மக்தலேனா என்ற ஊரில் சவேரியாருக்குக் கட்டப்பட்ட சிற்றாலயத்தை அர்ச்சிக்கக் கீனோ அழைக்கப்பட்டார். வழமைபோலக் குதிரையில் போனார். அர்ச்சிப்புத் திருப்பலியைப் பாடிக்கொண்டிருக்கையில் சுகவீனமுற்று, அன்றிரவே, மார்ச் 15ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் கிடந்த படுக்கையை உடன் குருவானவர் ஒருவர் எழுதிவைத்திருக்கின்றார்: விரிப்பாக இரண்டு கன்றுத் தோல்கள், பழங்குடி மக்கள் போர்த்துவது போன்ற இரண்டு கம்பளிகள், தலைக்குப் பொதிச் சேணம் ஒன்று. கண்டியில் யோசேவ் வாஸ் அடிகளார் இறைபதம் எய்தி அப்போது இரண்டு மாதங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.