கணினிக்கும் மறதி உண்டோ?

முதல்நாள் இரவு பாடமாக்கியதை மறுநாட் காலையில் மறந்துவிடும் மாணவனை நாம் கடிந்துகொள்ளுகிறோம். ஆனால், வீட்டு மூலையிலே மேசைமீது வீற்றிருக்கும் கணினிக்கும் அத்தகைய மறதி வரும் என்றால் நம்மிற் பலர் நம்பமாட்டார்கள். நாமும் ஒரு காலம் நம்பாதிருந்தவர்களே.

நமது இல்லத்திலே பாட்டியாரின் பழைய புகைப்படங்களைக் கணினியிற் சேர்த்துவைக்கும் பணியை மகளிடம் ஒப்படைத்திருந்தோம். சேர்த்த படங்களைத் திறந்து பார்த்தபோது சிலவற்றிற் பாதி முகம் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. பிள்ளையின் கவனக்குறைவே காரணம் என்று ஏசினோம். திருத்துநர் ஒருவர் ‘வைரஸ்’ என்றார். பின்னர் வன்தட்டுப் பழுது என்றார். புதிய வன்தட்டும் வந்தது. படங்கள் சிதைவது மாத்திரம் நிற்கவில்லை. ஈற்றில் ஓர் இரவு நினைவகத்தைச் சோதித்தபோதுதான் கள்வன் அகப்பட்டான். அதற்கிடையில் மூலப்படங்கள் இரண்டைக் கறையான் தின்றுவிட்டது. அவை இனி மீளா.

ஓட்டைக் குடங்கள்

கடைக்காரர்கள் ‘ரேம்’ என்று கூறும் நினைவகம், கணினி வேலை செய்யும்போது மாத்திரம் செய்திகளைத் தாங்கி நிற்பது. வன்தட்டோ பெட்டகம் போன்றது. பெட்டகத்திற்குச் செல்லும் எப்பொருளும் நினைவகத்தின் கைவழியாகவே செல்லுகிறது. கை நடுங்கினால் பெட்டகத்திற் சேர்வதும் பழுதுபட்டதேயாகும்.

இன்றைய நினைவகத்தின் அமைப்பை 1966 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரொபேர்ட் டெனார்ட் கண்டறிந்தார். ஒரு திரான்சிஸ்டர், ஒரு கொள்ளளவி ஆகிய இரண்டும் சேர்ந்தது ஓர் அறை. கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பின் ஒன்று, இல்லையேற் பூச்சியம். இக்கொள்ளளவி ஓட்டைக் குடம் போன்றது, தானே கசிந்துவிடும். ஆகையால் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதாவது ஒரு செக்கனிற் பதினைந்து தடவைக்கு மேலாக, எல்லாக் குடங்களையும் நிரப்பிக்கொண்டேயிருக்க வேண்டும். எட்டு ஜிகாபைட் நினைவகத்தில் இத்தகைய குடங்கள் ஏறத்தாழ 6,870 கோடி! அவற்றுள் ஒன்று விரைவிற் கசிந்தாலும் மறதி பிறக்கும்.

இது அரிதன்று. கூகுள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, நினைவகப் பலகைகளில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்டவை ஓராண்டினுள் ஒரு பிழையாவது காட்டின என்றது. அத்தகைய பெருங்கணினிகளிற் பிழையைத் தானே திருத்தும் ஏற்பாடு உண்டு. நம் வீட்டுக் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

சோதிக்கும் முறை

வாய்பாடு தெரியுமா என்று அறிய ஆசிரியர் மாணவனை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்புவிக்கச் செய்வாரல்லவா? சோதனைச் செயலியும் அவ்வாறே செய்கிறது. எல்லா அறைகளிலும் பூச்சியத்தை எழுதி வாசிக்கும். பின் ஒன்றை எழுதி வாசிக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றியும், முதலறையிலிருந்து ஈற்றறைக்கும் ஈற்றறையிலிருந்து முதலறைக்கும் திரும்பியும் வினாவும். ஓர் அறையை எழுதும்போது அயலறை கெடுகின்றதா என்பதும் இதனால் வெளிப்படும்.

விண்டோஸ் உள்ள கணினியில் ‘விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக்’ என்னும் செயலி முன்னரே அமைந்திருக்கிறது. வேலைகளைச் சேமித்து மூடியபின் அதனைத் தொடங்கினால், கணினி தன்னை மறுபடி இயக்கிச் சோதனையில் இறங்கும். அப்போது ‘எப் 1’ விசையை அழுத்தி விரிவான சோதனையைத் தெரிவுசெய்வது நன்று. இதனினும் கடுமையான பரீட்சகர் ‘மெம்டெஸ்ட் 86 பிளஸ்’ என்னும் இலவசச் செயலி. அதனைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கி, இரவு முழுவதும் ஓடவிடல் வேண்டும். சில பிழைகள் பலமுறை சுற்றிவந்த பின்னரே தலைகாட்டும்.

நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தாற் சித்தி என்னும் பேச்சு இங்கே இல்லை. ஒரு பிழை தோன்றினும் தோல்வியே. நினைவகத்தின் வேகத்தை எவரேனும் கூட்டி வைத்திருந்தால், அதனைப் பழைய நிலைக்குக் கொணர்ந்து மறுபடி சோதிக்கவேண்டும். அதன்பின்னும் பிழை வருமாயின், மின்னிணைப்பைக் கழற்றி, உடலிலுள்ள நிலைமின் நீங்க உலோகம் ஒன்றைத் தொட்டு, பலகைகளை எடுத்து மீண்டும் உறுதியாகப் பொருத்துக. சிலவேளை அதுவே மருந்தாகும். ஆகாவிடின் ஒவ்வொரு பலகையாகத் தனித்தனி இட்டுச் சோதிக்குக. பிழை பலகையோடு செல்லுமானாற் குற்றம் பலகையினது. எப்பலகையை இட்டாலும் ஒரே பொருத்துவாயில் மாத்திரம் பிழை தோன்றுமானாற் குற்றம் தாய்ப்பலகையினது. மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டியே வருவதால், அவற்றைத் திருத்துநரிடமே ஒப்படைக்க வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டைப் பேணிவைப்பதும் நன்று. நெடுங்கால உத்தரவாதம் வழங்கும் உற்பத்தியாளர் பலர் உளர்.

நமது வீட்டில் இரண்டு பலகைகளுள் ஒன்றே பழுதுபட்டிருந்தது. அதனை அகற்றிய நாள்முதல் ஒரு படமும் சிதையவில்லை. வீணே வாங்கிய வன்தட்டை ஏனைய படங்களின் இரண்டாம் பிரதிக்கென வைத்துக்கொண்டோம். ஆனால், மகளிடம் மன்னிப்புக் கேட்பதுதான் எல்லாவற்றினும் கடினமாயிருந்தது. வீட்டுக் கணினி பிழைவிடும்போது பிள்ளையைக் குற்றஞ் சாட்டுமுன் கணினியை ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். செலவு சிறிது மின்சாரமே.