கடலோடு மல்லுக்கட்டிய நாடு

எம்.கே.பி. நகருக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டித் துணி வாணிபம் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

அவர்கள் தாய்நாடான நெதர்லாந்தில் சுமார் கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே! கரை போட்டு, உள்ளே தேங்கிய நீரைக் காற்றாலையால் இறைத்து, சேற்று நிலத்தைக் கழனியாக்கினார்கள். கரையையும் வடிகாலையும் பராமரிக்க 13-ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் அமைத்தார்கள்.

அப்படியும் 1953-இல் புயலில் கரைகள் உடைந்து 1,836 பேர் மாண்டார்கள். வயலெல்லாம் உப்பு. ஜிப்சம் போட்டு, மழைநீரில் உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றி நிலத்தை மீட்டார்கள்.

நம்ம மீஞ்சூர்ப் பக்கம் கடல் பூமிக்கடியில் வந்தது. நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால், அந்த இடத்துக்குக் கடல்நீர் புகுந்துவிடும். கரை உடைந்தால் ஊருக்கே தெரியும். கிணற்றில் உப்பு ஏறுவது சத்தமில்லாமல் நடக்கும்.

ஆகவே ஏரி, குளத்தைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குங்க. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்க. களர் நிலம் என்று முடிவு வந்தால், சொல்கிற அளவுக்கு ஜிப்சம் போடுங்க. முதலில் வடிகால் வெட்டுங்க. வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் காசுதான் வீண்!