கொலஸ்ட்ரால் கூடிடுச்சா? கொடும்பாளூர் காட்டும் மூன்று வழி!

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு கொடும்பாளூர் என்றதும் இளவரசி வானதி நினைவுக்கு வருவாள். வரலாறு பிடித்தவர்களுக்கு 10-ம் நூற்றாண்டு மூவர் கோயில். அதற்கும் முன்பே சிலப்பதிகாரத்தில் இந்த ஊர் வருகிறது. மதுரைக்குப் போகும் கோவலனுக்கு வழி சொல்பவர், கொடும்பையின் குளக்கரையை அடைந்ததும் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறார். எந்த வழி யாருக்கு ஏற்றது என்று அங்கே யோசித்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும்.

இன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்த ஊரிலும், உங்கள் ஊரிலும், பல வீடுகள் அதுபோன்ற ஒரு முச்சந்தியில் நிற்கின்றன. கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அதில் தடித்த எழுத்தில் ‘கொலஸ்ட்ரால் அதிகம்’. மாத்திரையா, சாப்பாடா, இரண்டுமா? தப்பான வழியில் போனால் விலை மாரடைப்பு.

நான்கு பேரில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி, நாட்டில் 24 சதவீதம் பெரியவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம். கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு, டிரைகிளிசரைடு என ஏதாவது ஓர் அளவு சரியில்லாதவர்கள் 81 சதவீதம். இதில் சிக்கல் என்னவென்றால், வலிக்காது, மூச்சு வாங்காது, தலை சுற்றாது. ‘எனக்கு ஒண்ணும் பண்ணலையே’ என்று பத்து வருடம் ஓட்டிவிடலாம். அதற்குள் ரத்தக்குழாய் உள்ளே மெல்ல அடைத்துக்கொண்டே வரும்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தக் கொலஸ்ட்ராலை அல்ல, எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பை. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வேறு பிரச்னை இல்லாதவர்களுக்கு இது 100-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து கூடியவர்களுக்கு 70-க்குள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குள்.

முட்டையை விட எண்ணெய்தான் முக்கியம்

கொலஸ்ட்ரால் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது முட்டை. உண்மையில், உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ராலை விட, நிறைவுற்ற கொழுப்புதான் எல்.டி.எல்-ஐ அதிகம் ஏற்றுகிறது. நெய், வெண்ணெய், ஆட்டுக்கறியின் கொழுப்பு, தேங்காய் எண்ணெய், பாமாயில் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். பேக்கரி பண்டங்களில் சேரும் வனஸ்பதியும் இந்தப் பட்டியல்தான். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டையால் பெரிய பாதிப்பு இல்லை.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலைப் பல வீடுகளால் தவிர்க்க முடியாது. அதில் சுமார் 40 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இது 20 சதவீதத்துக்குள்தான். பாமாயிலை வடை, அப்பளம் பொரிக்க ஊற்றிவிட்டு, மிச்சத்தையே மறுநாள் குழம்புக்குத் தாளிப்பதுதான் உடம்புக்குக் கேடு. அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் டீக்கடை போண்டாவுக்கும், நெடுஞ்சாலையோர பரோட்டாவுக்கும் இது பொருந்தும்.

அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேர் உள்ள வீடு என்றால் 2 லிட்டர். ஒன்றாம் தேதி அதைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால், எங்கே கை தாராளமாகிறது என்று தெரிந்துவிடும். ‘எண்ணெய் இல்லாம குழம்பு வச்சா யாரு சாப்பிடுவா?’ என்பவர்கள் பாதியாகக் குறைக்க வேண்டாம். வாரம் ஒரு கரண்டி குறைத்தால் நாக்கு தானாகப் பழகிவிடும்.

வெண்டைக்காயின் வழவழப்பு செய்யும் வேலை

குறைப்பது பாதிதான். சேர்ப்பது மீதி. வெண்டைக்காய், கத்தரிக்காய், அவரை, கொள்ளு, தட்டைப்பயறு, ஓட்ஸ், கொய்யா ஆகியவற்றில் தண்ணீரில் கரையும் நார்ச்சத்து இருக்கிறது. குடலில் இது கூழ்போல் ஆகி, பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். பித்தநீர் கொலஸ்ட்ராலில் இருந்து உருவாவது. போனதை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்-ஐ இழுத்துக்கொள்ளும். அதனால் ரத்தத்தில் அளவு இறங்குகிறது. தினமும் 5 முதல் 10 கிராம் இந்த நார்ச்சத்து சேர்ந்தாலே எல்.டி.எல் சுமார் 5 சதவீதம் குறையும்.

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் ஒரு பரிசோதனை நடத்தியது. வெண்டை, கத்தரி, ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் ஆகியவற்றைச் சேர்த்த உணவால் நான்கே வாரத்தில் எல்.டி.எல் சுமார் 29 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம். ஆனால், அது ஆய்வாளர்களே கணக்குப் பார்த்துக் கொடுத்த சாப்பாடு. மக்களே வீட்டில் பின்பற்றிய பிந்தைய ஆய்வில், ஆறு மாதத்தில் சுமார் 13 சதவீதம்தான் குறைந்தது. நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இதுதான்: 150 இருந்தால் 130-க்கு வரலாம்.

வறண்ட பூமியான புதுக்கோட்டைப் பக்கம் சிறுதானியத்துக்கும் நிலக்கடலைக்கும் பழகிய மண். ஐதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனம் தலைமையில் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிறுதானியம் சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 8 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே ஒரு நாள் சாப்பாடு இப்படி இருக்கலாம்:

காலை: கேழ்வரகுக் கூழ் அல்லது இட்லியோடு நிறைய சாம்பார். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கொள்ளுத் துவையல்.

மதியம்: பாதி தட்டு காய், கீரை. கால் தட்டு வரகு அல்லது அரிசிச் சோறு. கால் தட்டு பருப்பு, பயறு அல்லது குழம்பு மீன்.

மாலை: வடைக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த கடலை, ஒரு கொய்யா.

இரவு: கோதுமை தோசை அல்லது சப்பாத்தி, காய்க் குருமா. தேங்காய் கொஞ்சமாக.

வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்தால் டிரைகிளிசரைடு ஏறும். எண்ணெயைக் குறைத்த சந்தோஷத்தில் சோற்றைக் கூட்டிவிடக் கூடாது.

உங்களுக்கு எந்த வழி?

முதல் வழி: வயது குறைவு, சர்க்கரை இல்லை, புகை இல்லை, எல்.டி.எல் 100-ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. மருத்துவர் சம்மதத்துடன் மூன்று மாதம் சாப்பாடு, தினம் அரை மணி நேர நடை. பிறகு மறுபரிசோதனை.

இரண்டாவது வழி: சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ உண்டு. இங்கே பெரும்பாலும் மாத்திரையும் தேவைப்படும். சாப்பாடு அதற்குத் துணை.

மூன்றாவது வழி: எல்.டி.எல் 190-ஐத் தாண்டிவிட்டது, அல்லது ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் வந்திருக்கிறது. மாத்திரை கட்டாயம். 190-க்கு மேல் என்றால் பரம்பரைக் காரணமாகவும் இருக்கலாம். அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மிகப் பெரிய ஆபத்து இந்த மூன்றாவது வழியில்தான் இருக்கிறது. ‘ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்துவது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். பூண்டுச் சாறு, கஷாயம் எதுவும் அதற்கு மாற்று அல்ல. மாத்திரையால் உடம்பு வலித்தால், நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன.

ஒன்றை மறக்க வேண்டாம். அப்பாவுக்கு மட்டும் தனியாக எண்ணெய் இல்லாக் குழம்பு வைத்தால் அது இரண்டு வாரம் தாங்காது. வீடு மொத்தமும் ஒரே சட்டியில் சாப்பிட்டால்தான் மூன்று மாதம் கழித்து வரும் ரிப்போர்ட்டில் எண் இறங்கியிருக்கும். பிள்ளைகளின் ரத்தக்குழாய்க்கும் அதுதான் நல்லது.