மலையை அறுக்கும் மணல்
(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



சென்ற ஆண்டு சுற்றுலாவில் ஒகேனக்கல் போனோம். பரிசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் பாறை. "இவ்ளோ கெட்டியான பாறையைத் தண்ணி எப்படிடா அறுத்துச்சு?" என்று நண்பன் கேட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி, மேகதாது முதல் ஒகேனக்கல் வரை மலைகளின் இடையே ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. ஆடு தாண்டும் அளவுக்கு ஆறு குறுகிப்போவதால் 'ஆடு தாண்டும் காவிரி' என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

வெறும் தண்ணீர் பாறையை அவ்வளவாகத் தேய்க்காது. வெள்ளம் உருட்டிக்கொண்டு வரும் மணலும் கூழாங்கல்லும்தான் உளி. சுழலில் மாட்டிய கல், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி ஒரே இடத்தில் சுற்றிப் பாறையில் குழி பறித்துவிடும். மேகதாதுப் பாறைகளில் இந்தக் குழிகளை நிறையப் பார்க்கலாம். பாறை கெட்டியானதால் கரை சரியாமல் நிற்கிறது. அடி மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. பல லட்சம் ஆண்டு வேலை இது! இப்படி மலைகள் நெருங்கி நிற்கும் இடம் அணைக்கு வசதி. 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, 120 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்குவது அப்படித்தான்.

சரி, எங்கள் உத்திரமேரூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் பக்கத்துச் செய்யாறும் ஜவ்வாது மலையில் பிறந்ததுதான். சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைகிறது. முதலில் கல்லையும், அடுத்து மணலையும், கடைசியில் வண்டலையும் கீழே போடுகிறது. திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும்வரை மணல்தான். மழைத் தண்ணீர் அந்த மணலின் இடுக்குகளில் தங்கி, கரையோரக் கிணறுகளுக்கு ஊறும். சின்ன வயதில் கோடையில் அம்மா செய்யாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புவார். இப்போது அதே இடத்தில் மணல் போய்க் களிமண் தெரிகிறது. ஊற்றும் இல்லை. அள்ளிய மணல் ஒரே மழையில் திரும்பி வந்துவிடாது.

நண்பர்களே, கான்கிரீட்டுக்கு 1:2:4 என்று படிக்கிறோம். அதில் அந்த 2 மணல். நாளைக்கு எஸ்டிமேட் போடப்போவது நாம்தான். ஆற்று மணல் என்று எழுதும் முன், எம்-சாண்ட் போதுமா என்று ஒரு தடவை யோசிப்போம். நாம் எழுதும் ஒவ்வொரு லோடும் ஏதோ ஒரு ஊரின் குடிதண்ணீர்.