ஒரே கூரையில் இரு குடித்தனம்

நம் தோட்டங்களில் பிறந்து படித்த பிள்ளைகளில் சிலர் இன்று கனடா வரை போயிருக்கின்றனர். "ஒரு வீட்டின் பேஸ்மண்டில் வாடகைக்கு இருக்கிறேன்" என்று பிள்ளை எழுதினால் தாய் மனம் பதறத்தான் செய்யும். மண்ணுக்குக் கீழே குடியிருப்பதா? நம் லயத்து வீடு சிறிதென்றாலும் கதவைத் திறந்தால் வெளிச்சம் உண்டே!

அங்கே குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும். ஆகவே வீட்டின் அடித்தளத்தை ஆழத்தில் இறக்குவார்கள். அப்படித் தோண்டிய இடமே கீழ்த்தளம். அதில் அடுப்படியும் குளியலறையும் வைத்துத் தனிக் குடித்தனம் ஆக்குகின்றனர். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து டொரொன்டோ சென்ற தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதலில் இத்தகைய கீழ்த்தளங்களில்தான் குடியேறின.

இதற்கு அனுமதி கொடுப்பது யார்? டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 1867-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி நகராண்மைக் கழகங்கள் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாநிலம் கொடுத்த அதிகாரத்தை மாநிலமே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இந்த வாங்கலும் கொடுத்தலும் வேடிக்கையாகவே நடந்தன. இரண்டாம் குடித்தனத்தை நகரங்கள் தடுக்கக் கூடாது என்று 1994-இல் ஓர் அரசு சட்டம் செய்தது. அடுத்து வந்த அரசு 1996-இல் அதை மாற்றி, முடிவை நகரங்களிடமே விட்டது. 1995 நவம்பர் 16 அன்று இருந்த குடித்தனங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. பிறகு 2011-இல் காற்று மீண்டும் திசை மாறியது. 2022-இல் வந்த சட்டம், குழாய் நீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள நகரக் குடியிருப்பு மனைகளில் மூன்று குடித்தனம் வரை இருக்கலாம் என்கிறது.

அப்படியானால் நகரத்துக்கு வேலை இல்லையா? உண்டு. கட்டட விதிகளையும் தீ விதிகளையும் எழுதுவது மாநிலம்; வரைபடத்தைப் பார்த்து அனுமதிச் சீட்டுக் கொடுப்பதும், ஆள் அனுப்பிச் சோதிப்பதும் நகரம். பிராம்டன் போன்ற நகரங்கள் தனிப் பதிவும் கேட்கின்றன.

அந்த விதிகள் வெறும் காகிதமல்ல. இரவில் மேல்வீட்டில் தீப்பிடித்தால் கீழே தூங்குபவர் எப்படி வெளியேறுவார்? தப்பும் வழியாகக் கொள்ளும் சன்னல் 0.35 சதுர மீட்டராவது திறக்கவேண்டும். அகலமோ உயரமோ 380 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஏறத்தாழ பதினைந்து அங்குலம். சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்தே திறக்கவேண்டும். இரு வீட்டுக்கும் இடையே தீயைத் தடுத்து நிறுத்தும் தடுப்பு வேண்டும். பழைய வீட்டில் பொதுவாக 30 நிமிடம் தாங்கவேண்டும். புகை வந்தால் அலறும் கருவியும் கட்டாயம்.

அனுமதி இல்லாத கீழ்த்தளங்களும் ஏராளம். வாடகைக்கு இருப்பவர் புகார் செய்ய அஞ்சுகிறார். அந்த அச்சம் முழுவதும் வீணானதல்ல; ஆபத்தான இடமென்று அதிகாரிகள் மூடச் சொன்னால் அவரும் வெளியேற நேரும். ஆனால் அனுமதி இல்லாத வீடு என்பதால் வாடகையாளரின் உரிமை போய்விடாது. 2006-ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் அவருக்கும் பொருந்தும். வாரியத்தின் உத்தரவில்லாமல் வீட்டுக்காரர் பெட்டியைத் தெருவில் வைக்க முடியாது. ஒரு விலக்கு உண்டு, இதைக் கவனியுங்கள்: வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, அவருடனேயே அடுப்படியையோ குளியலறையையோ கட்டாயம் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்றால் அந்தச் சட்டம் காக்காது.

ஆகவே பிள்ளைக்கு எழுதும்போது, முன்பணம் கொடுக்குமுன் கீழே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டட அனுமதி உண்டா என்று நகர அலுவலகத்தில் விசாரிக்கலாம். டொரொன்டோவில் 311 என்ற எண்ணை அழைக்கவேண்டும். ஏற்கெனவே குடியேறிவிட்ட பிள்ளையானால், படுக்கையறைச் சன்னலைத் திறந்து அளந்து, அடுத்த கடிதத்தில் அந்த அளவை எழுதி அனுப்பட்டும்.